கிணற்றின் மேல் போன தெரு

நான் ஒரு குடும்பத்தின் நல்ல தண்ணீர்க் கிணற்றை மூடுவித்தவன். இதை முதலில் சொல்லிவிட்டே இந்தப் பயணத்தைப் பற்றி எழுத வேண்டும். இல்லையென்றால் பின்னால் வருகிற ஆடுகளும் காற்றும் மீன் பொரியலும் ஒரு கிழவனின் உல்லாசப் பயணமாகத் தெரியும்.

புங்குடுதீவில், இறுப்பிட்டிக்கு அப்பால், கடலைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் குறிச்சிக்கு ஒரு தெரு போட முடிவானபோது நான் தெரு வேலைகளை மேற்பார்க்கும் இளம் ஓவசியர். அளந்து முளை அடித்த கோடு எங்கள் புகையிலைத் தோட்டத்தின் நடுவால் போனது. ஆளில்லாத ஒரு மத்தியானம் நான் அந்த முளைகளைப் பிடுங்கி மேற்கே தள்ளி நட்டேன். அப்பா ஊர் நிர்வாகத்தைப் பார்த்த பழைய விதானையார். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே செய்து கொடுத்ததை நான் கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

தள்ளிய கோடு செல்லன் என்பவருடைய வளவுக்குள்ளால், அவருடைய கிணற்றின் மேலாகப் போனது. கூலியாட்கள் முருகைக்கல்லும் மண்ணும் கொட்டி அதை மூடினார்கள். அரசாங்கத் தெரு என்றதும் யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்தக் குறிச்சியில் அடுத்த கிணறு எங்களுடையது. அதில் வாளியைத் தொட அவர்களின் சாதிக்கு அந்த நாளில் அனுமதி இல்லை. செல்லனின் மகள் பூமணி குடத்தோடு எங்கள் வாசல் படலையில் நிற்பாள். எங்கள் வீட்டில் ஒருவர் வந்து அள்ளி ஊற்றும்வரை நிற்க வேண்டும். நான் உள்ளே கதிரையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். ஒரு நாளாவது நான் எழும்பிப் போய் அள்ளி ஊற்றியிருக்கலாம். எழும்பவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கிணற்றுத் தண்ணீரின் உருசி எனக்குத் தெரியும். செல்லனின் மகன் ராசனும் நானும் ஒரு பள்ளிக்கூடம். வெயிலில் ஓடி வந்து அவர்களுடைய கிணற்றடியில் கை ஏந்திக் குடிப்பேன். வீட்டில் தெரிந்தால் அடி விழும். எங்கள் கிணற்றில் எப்போதும் ஒரு மெல்லிய உவர்ப்பு இருந்தது. அவர்களுடையதில் இல்லை.

பிறகு நான் நோர்வேக்குப் போனேன். வாகனங்களைப் பனியிலும் சேற்றிலும் ஓட்டிப் பார்க்கும் பரீட்சைத் தெருக்களை அமைப்பது என் தொழிலாயிற்று. ஒஸ்லோவில் குழாயைத் திறந்தால் மலைத் தண்ணீர் வரும். உலகத்தின் மிக நல்ல தண்ணீர் என்று அந்த நாட்டவர்கள் சொல்வார்கள். நான் ஒவ்வொரு மிடறிலும் வேறொன்றைத் தேடுவேன். ராசன் பாரிசில் இருப்பதும் எனக்கு நெடுநாளாகத் தெரியும். விமானத்தில் ஏறினால் ஒரு சாப்பாட்டு நேரத்தில் இறங்கிவிடலாம். ஏறவில்லை.

போன ஆடி மாதம் என் தங்கை மலரின் மகன் ராகுலன் அழைத்தான். கொழும்பில் மின்சார வாகனங்களை இறக்குமதி செய்கிறான். பற்றரியில் ஓடும் ஒரு பிக்கப்பைத் தீவுகளின் மோசமான தரைகளில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கரையிலிருந்து மீனும் ஐசும் ஏற்ற அதை வாங்கலாமா என்று ஒரு மீனவர் சங்கம் யோசிக்கிறதாம். “மாமா, தெருக்களைப் பற்றி உங்களை விட ஆருக்குத் தெரியும்?” என்றான். நான் சரி என்றேன். தெருக்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.

காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்கு வாகனங்களை ஏற்றிச் செல்லும் தட்டை மிதவைக்கு இங்கே பாதை என்று பெயர். அதில் ஏறியதும் முதல் குழப்பம் வந்தது. மிதவைக்காரர் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். ஓட்டி வந்த நிமால் என்ற காலி நகரத்துப் பையன் நிறுத்தித்தான் இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னான். மிதவைக்காரர் நம்பவில்லை. குனிந்து பொனற்றில் காதை வைத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து, “இதுக்குக் காய்ச்சலும் இல்லை, மூச்சும் இல்லை. ஏத்திக்கொண்டு போறது பிரேதமோ தம்பி?” என்றார். மிதவையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

சத்தமில்லாத வாகனத்துக்குத் தீவுகளில் முதல் எதிரி ஆடு. நோர்வேயில் மான் தெருவுக்கு வந்தால் வெளிச்சத்தைக் கண்டு திகைத்து நிற்கும். இங்கே ஆடுகள் தார்ச் சூட்டில் படுத்து, லொறியின் இரைச்சலைக் கேட்ட பிறகுதான் எழும்பிப் பழகியவை. எங்களுடைய பிக்கப் மூக்கில் முட்டும் தூரத்துக்கு வந்தும் அவை அசைபோட்டுக்கொண்டே இருந்தன. நிமால் இறங்கி இறங்கிக் கும்பிட்டு அனுப்பினான். சங்கத்துக்கு எழுதும் அறிக்கையில் இதையும் போடு என்று ராகுலனிடம் சொன்னேன்.

அன்று புளியங்கூடலில் என் மச்சாள் சரசு அக்கா வீட்டில் தங்கினோம். இடியப்பம், சொதி, சூடைமீன் பொரியல், இடித்த சம்பல். நான் சொதியை மூன்றாம் முறை வாங்கினேன். வண்டியைக் குசினிச் சுவரில் இருந்த பிளக்கில் செருகினோம். சிறிது நேரத்தில் வீட்டு மின்குமிழ்கள் மங்கின. அக்கா குளிர்ப்பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். “தம்பி, உங்கடை லொறி கரண்டைக் குடிக்கிற குடியிலை என்ரை பிரிஜ் முனகுது. விருந்தாளிக்கு ஒரு அளவு வேணும்,” என்றார். அது என்னைச் சொன்னதா வண்டியைச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் கடலுக்கு நடுவே கல் நிரப்பிக் கட்டிய நீண்ட தாம்போதியால் புங்குடுதீவுக்குள் போனோம். மடத்துவெளி தாண்டியதும் நான் வெளியே பார்க்காமல் வண்டியின் திரையில் ஓடும் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். திட்டப்படி எங்கள் குறிச்சிப் பக்கம் போக வேலை இல்லை. குறிகட்டுவான் துறையில் வண்டியைப் படகில் ஏற்றி நெடுந்தீவுக்குக் கொண்டு போவது என்பதுதான் ஏற்பாடு. கல்வேலிகளுக்கு நடுவே, குதிரைகள் மேயும் வெளிகளில் படம் எடுக்க ராகுலன் ஆசைப்பட்டான்.

துறையில், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஆளைத் தள்ளியது. சாமான் படகுக்காரர் கடலையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். இரும்பென்றால் கட்டலாம், பற்றரி கடலுக்குள் போனால் மீனெல்லாம் சோக் அடித்துச் சாகும் என்றார். அது அப்படியில்லை என்று ராகுலன் நெடுநேரம் விளக்கினான். அவர் கேட்டு முடித்துவிட்டு, ஏலாது என்றார். நயினாதீவுக்குப் போகும் வள்ளங்கள் மட்டும் சனத்தை ஏற்றிக்கொண்டிருந்தன. நாகபூசணி அம்மனுக்குப் போகிறவர்களும் விகாரைக்குப் போகிறவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். வெள்ளைச் சேலை கட்டிய ஒரு சிங்களத்து அம்மாள் எங்கள் வண்டியைத் தடவிப் பார்த்துத் தன் மகளிடம் சொன்னார்: “இப்படிச் சத்தமில்லாத ஒன்றை உன் புருஷனுக்கும் வாங்கிக் கொடு. வீட்டுக்கு எப்போது வருகிறான் என்று தெரியாமலே இருக்கும்.” மகள் சிரிக்கவில்லை.

தேநீர்க் கடையில் ராகுலன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். சங்கத்தார் மோசமான தெருவில் ஓடும் படம் கேட்டிருக்கிறார்கள். இந்தத் தீவிலே அப்படி ஒன்று இல்லையா என்று என்னைக் கேட்டான். தேநீரைக் குடித்து முடித்தேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரு தெரு இருக்கிறது என்றேன்.

அந்தத் தெரு முடிக்கப்படவே இல்லை. கல் பரப்பியதோடு நின்றுபோனது. பிறகு போர் வந்தது, சனம் போனது, கொஞ்சம் திரும்பி வந்தது. இப்போது கூரான முருகைக்கற்களும் குழிகளும் இளம்பனை வடலியுமாக, நிமால் இறங்கிப் பார்த்து விசிலடிக்கும் அளவுக்கு இருந்தது. ரயர்களில் காற்றைக் குறைக்கச் சொன்னேன். கியர் இல்லாத வண்டி கல்லின் மேல் ஏறுகிற விதமே தனி. உறுமாது, துள்ளாது, எறும்பு சுவரில் ஏறுவதுபோல ஏறும். என் தொழில் புத்தி சிறிது நேரம் எல்லாவற்றையும் மறந்து சந்தோஷப்பட்டது.

பாதி வழியில் முன் சக்கரம் ஒரு வட்டப் பள்ளத்தில் இறங்கியது. நிமால் நிறுத்தினான். மற்றக் குழிகளைப்போல இல்லையே, அடியில் ஏதோ காலியாக இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னான். கிணற்றுக்குள் கொட்டிய கல் காலத்தோடு அமரும். மேலே போட்ட தெருவும் அதோடு இறங்கும். நான் ஆராய்ந்து பார்க்கத் தேவையில்லாத ஒரே மண்ணியல் அதுதான். நான் இறங்கிப் பள்ளத்தின் விளிம்பில் நின்றேன்.

தெருவின் மேற்குப் பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்று. அதன் படலையில் ஒரு மூதாட்டி தண்ணீர்க் கான்கள் அடுக்கிய தள்ளுவண்டியோடு நின்றார். பவுசர் லொறியில் வரும் தண்ணீர் சந்தியில்தான் கிடைக்கும், இந்தத் தெருவால் அது வராது என்று பின்னால் தெரிந்தது. அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

“விதானையார் வீட்டு அண்ணையெல்லோ?”

ஓம் என்றேன். அது பூமணிதான். எங்களை உள்ளே கூப்பிட்டுக் கதிரை தந்து தேநீர் தந்தாள். சீனி கூடப் போட்டிருந்தாள். மலரைப் பற்றி, நோர்வேக் குளிரைப் பற்றி, வண்டியைப் பற்றி எல்லாம் கேட்டாள். ராசனைப் பற்றி அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழும்பினேன்.

அடுத்த நாள் வண்டியில் பாரம் ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. மண் மூட்டைக்குப் பதிலாகத் தண்ணீர் ஏற்றுவோம் என்றேன். கடையில் ஒரு பிளாஸ்ரிக் தொட்டி வாங்கி, சந்தியில் நிரப்பி, அந்தக் கற்களின் மேலால் பூமணி வீட்டுக்குக் கொண்டு போனோம். ஒரு குவளை அளவுகூடச் சிந்தவில்லை. ராகுலன் படம் எடுத்தான். தொட்டியை இறக்கி வைத்த பிறகு அவர்கள் இருவரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு நான் பூமணியிடம் முளைகளைப் பற்றிச் சொன்னேன். யாருடைய பெயரையும் இழுக்காமல், நான் பிடுங்கினேன், நான் நட்டேன் என்று சொன்னேன்.

அவள் அழவில்லை. ஏசவும் இல்லை.

“அப்ப அந்தச் சாராயக் கதை?” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

“அப்பா ஒரு போத்தில் சாராயத்துக்குக் கிணத்தை விதானையாருக்குக் குடுத்தவர் எண்டுதானே ஊர் சொன்னது. உமக்குத் தெரியாதோ?”

தெரியாது என்றேன். அது உண்மை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் உண்மை.

“அம்மா அதை நம்பினவ. அதுக்குப் பிறகு அப்பாவின்ரை சோத்துக் கோப்பையை வாசல்லை வைச்சிட்டுப் போவாவே தவிர, முகம் பாத்துச் சோறு போட்டதில்லை. ராசண்ணை அதாலைதான் வீட்டை விட்டுப் போனவர். அப்பாவின்ரை செத்த வீட்டுக்கும் வரேல்லை. அப்பா சொன்னவர், முளை முதல் அங்காலை நிண்டது, நான் என்ரை கண்ணாலை கண்டனான் எண்டு. வெறியிலை சொல்லுறார் எண்டு நாங்கள் சிரிச்சம்.”

சிறிது நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைபேசியை எடுத்து பாரிசுக்கு அழைத்தாள். “எனக்குச் சொன்னதை அண்ணைக்கும் சொல்லும்,” என்று என்னிடம் நீட்டினாள்.

நான் சொன்னேன். மறுபக்கத்தில் பஸ் கதவு மூடும் சத்தம் கேட்டது. ராசனின் மூச்சு கேட்டது. நாங்கள் கடைசியாகப் பேசியபோது இரண்டு பேருக்கும் மீசை சரியாக அரும்பியிருக்கவில்லை.

“இப்ப ஏன் சொல்லுறீர்?” என்றான். “சாகிற வயசு வந்திட்டுது எண்டோ?”

ஓம் என்றேன். அவன் வைத்துவிட்டான்.

அன்று மாலை வண்டிக்குள் இருந்தபடி லண்டனில் இருக்கும் மலரை அழைத்தேன். பழைய கோட்டின்படி தெருவை எங்கள் தோட்டக் காணிக்குள்ளால் விட்டுக் கொடுத்தால் செல்லன் வளவு அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும், கிணற்றைத் தோண்டலாம். தோட்டத்தில் ஒரு பாதி என் பங்கு, மறுபாதி அவளுடையது. இரண்டுக்குள்ளாலும் அந்தக் கோடு போகிறது. ராகுலன் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டான்.

“அப்பா போய் இவ்வளவு காலத்துக்குப் பிறகு அவரைக் கள்ளனாக்கப் போறியளோ அண்ணை?” என்றாள் மலர்.

“அப்பா இல்லை, மலர். நான்.”

“ஊர் அப்பிடிச் சொல்லாது. விதானையார் மோனைக் கொண்டு செய்விச்சவர் எண்டுதான் சொல்லும். நான் கையெழுத்து வைக்கமாட்டன்.”

அவள் சொன்னது சரி. ஊர் அப்படித்தான் சொல்லும். செல்லனை ஊர் சொன்னது போலவே. என் தகப்பனுக்கு அந்தப் பேச்சு வரக்கூடாது என்று என் மனமும் ஒரு கணம் தவித்ததை இங்கே மறைக்கக் கூடாது.

விடிந்ததும் ராகுலன் நிமாலிடம் தோட்டத்துக்குள் திருப்பச் சொன்னான். நான் அவனைப் பார்த்தேன். “அம்மாவின்ரை பங்கு ஒரு நாளைக்கு எனக்குத்தானே மாமா. நான் என்ரை காணிக்குள்ளை ஓடிப் பாக்கிறன்,” என்றான்.

தெரு இல்லாத இடத்தில் ஓட்டிப் பார்ப்பது என்றால் அன்று நடந்ததுதான். ஈச்சையும் வடலியும் முள்ளுமாகத் தோட்டம் காடாகிக் கிடந்தது. நான் முன்னால் தடியோடு நடந்தேன். முளைகள் முதலில் நின்ற இடங்கள் என் காலுக்குத் தெரிந்தன. பின்னால் வண்டி புதர்களை மடக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வந்தது. முறியும் கிளைகளின் ஓசை மட்டும் கேட்டது. புகையிலை நின்ற வரம்புகளைக் கடந்தோம். என் பங்கு முடிந்து மலரின் பங்கு தொடங்கும் பூவரசையும் கடந்தோம். தோட்டம் முடிந்து, தரவை என்கிற உவர்வெளி தொடங்கியதும் நிமால் வேகம் கூட்டினான். மேலே வெள்ளையாகக் காய்ந்திருந்த உப்புத்தரை உடைந்து, பற்றரிப் பாரத்தோடு வண்டி அச்சுவரை சேற்றில் இறங்கியது. அதைத் தள்ளிவிடப் பார்த்து நானும் முழங்கால்வரை இறங்கிப் போனேன்.

சனம் கூடிவிட்டது. உழவு இயந்திரத்தோடு ஒருவர் வந்து கயிறு கட்டினார். சைக்கிளில் வந்த பொன்னையா என்ற கிழவர், கரண்டில் ஓடுகிற லொறி என்றால் வயரைப் பிடித்து இழுக்க வேண்டியதுதானே என்றார். நிமாலுக்கு யாரோ அதை மொழிபெயர்த்துச் சொல்ல அவனும் சிரித்தான். நான் சிரித்துக்கொண்டிருந்தபோது பூமணி வரம்பால் நடந்து வந்தாள். உழவு இயந்திரக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

“இழுக்க முதல் இவர் ஒண்டு சொல்லவேணும். சொல்லிப்போட்டு இழுக்கட்டும்.”

நான் சேற்றுக்குள் நின்றபடியே சொன்னேன். முளைகள் நின்ற இடத்தைத் தடியால் காட்டினேன். செல்லன் கிணற்றை யாருக்கும் கொடுக்கவில்லை, சாராயம் வாங்கவில்லை, அவர் கண்டதாகச் சொன்னது மெய் என்று சொன்னேன். அப்பாவைப் பற்றி ஒருவர் கேட்டார். அவர் என்னிடம் கேட்கவில்லை, ஆனால் தெரிந்துகொண்டும் பேசாமல் இருந்தார் என்றேன். அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. இரண்டு முறை தொடங்க வேண்டியிருந்தது.

பொன்னையா சைக்கிளிலிருந்து இறங்கினார். “அந்தக் கதையை எத்தினை கள்ளுத் தவறணையிலை நான் சொல்லிச் சிரிச்சிருப்பன்,” என்று மெதுவாகச் சொன்னார். பூமணி உழவு இயந்திரக்காரருக்குத் தலையசைத்துவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். கயிறு இறுகியது. வண்டி வெளியே வந்தது.

நான் புறப்படுமுன் என் பங்கைத் தெருவுக்கென எழுதிக் கொடுத்தேன். பூமணியிடம் விடைபெறப் போனேன். படலை சாத்தியிருந்தது. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கூப்பிடாமல் திரும்பினேன். நெடுந்தீவை இந்த முறையும் நான் பார்க்கவில்லை.

மீனவர் சங்கம் வண்டியை எடுத்துக்கொண்டது. தரவையில் மட்டும் இறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அன்று எங்கள் சக்கரங்கள் போட்ட தடத்தால் முதலில் சைக்கிள்களும் பிறகு மோட்டார் சைக்கிள்களும் போகத் தொடங்கின என்று ராகுலன் சொன்னான். சேற்றுப் பகுதிக்கு யாரோ கல் போட்டிருக்கிறார்கள். மலர் கையெழுத்து வைக்கவில்லை, இன்னும் என்னோடு பேசுவதுமில்லை. பிறந்த நாளுக்கு அழைத்தேன், எடுக்கவில்லை.

ஊரில் மாரி மழை முடிந்த ஒரு நாள், ஒஸ்லோவில் ஜன்னலுக்கு வெளியே பனி குவிந்து கிடந்தபோது, இலங்கை இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. ராசன் ஊரில் இருந்து பேசினான். வணக்கம் சொல்லவில்லை. அப்பாவின் திவசத்துக்கு வந்ததாகவும், பழைய தெருவை மறித்து ஊர் ஆட்களோடு கிணற்றைத் தோண்டியதாகவும் சொன்னான். கல் எடுத்து முடிய நெடுநாள் பிடித்ததாம். அடியில் தண்ணீர் இருந்ததாம்.

எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“உவர். வாயிலை வைக்க ஏலாது,” என்றான்.

அங்கே சோளகம் இல்லாத காலம். ஆனாலும் போனில் காற்றுக் கேட்டது.

“மூடப் போறியளோ?”

“ஏன் மூடுவான்? கட்டுக் கட்டுறம். மாடு குடிக்கும், பயிருக்கு விடலாம். அப்பாவின்ரை கிணறு.”

நான் ஒரு முறை வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். பக்கத்தில் பூமணி எதுவோ கேட்க, அவன் அவளுக்கு ஏதோ சொன்னது தெளிவில்லாமல் காதில் விழுந்தது.

“இப்ப தெரு உங்கடை காணிக்குள்ளாலை போகுது,” என்றான். “வாறவை வரலாம்.”

வைத்துவிட்டான்.